ஐந்து ஒன்பதுக்கு வந்த மணி

"ஓடுற பஸ்ல டயர் மாத்துன மாதிரின்றீங்கோ. அதான சார்?" என்று கேட்டான் சுப்பராயன்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்," என்றான் அனந்தராமன். "சர்வர் பாட்டுக்கு ஓடிண்டே இருக்கும். நிறுத்தவே வேண்டாம். உள்ள இருக்கற எண்ணை மட்டும் மாத்திக்கலாம். ஜான்சன் அதைத்தான் பண்ணியிருக்கான்."

"பஸ்ல குந்தினு இருக்கறவனுக்குத் தெரியாம?"

"அங்கதான் இருக்கு துரோகம்."

எதிரே ஜஹனாரா கேட்டுக்கொண்டிருந்தாள். அடையாறு காந்தி நகரில் ஒரு மாடி அறை. வாசலில் ‘அலைமணி’ என்று நீலப் பலகை. அதன் முதலாளி அனந்தராமன், ஜஹனாராவோடு கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவன். இருபத்தாறு வருடச் சிநேகிதம். இன்ஷூரன்ஸ் வேலையை உதறிவிட்டு அவள் துப்பறியும் ஆபீஸ் திறந்தபோது ஊரே சிரித்தது. இவன் ஒருவன்தான் பழத்தட்டோடு வந்து நின்றான். சுப்பராயன் அவளுடைய உதவியாளன். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு கேஸில் சாட்சியாக வந்து அப்படியே ஒட்டிக்கொண்டான். ஆட்டோவும் கூடவே வந்தது. வாய் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

அலைமணியின் வேலை சுலபமானது. காற்று மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டும் என்று தெரிந்தால், பட்டினப்பாக்கம் குப்பத்தில் எல்லார் போனிலும் சங்கு ஊதும். சங்கு ஊதினால் படகு இறங்காது. அந்த நாற்பத்தைந்தை யாராவது மாற்றினால், மாற்றிய நொடியே சர்வர் எல்லாப் போனுக்கும் மணியடித்துச் சொல்லிவிடும். சங்கு காற்றுக்கு, மணி மாற்றத்துக்கு.

அந்த மணியை வைக்கச் சொன்னதே ஜஹனாராதான். ஐந்து வருடம் முன்பு குப்பத்துக் கூட்டத்தில், "நாளைக்கு நீங்க பாட்டுக்கு நம்பரை ஏத்திட்டா எங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டார்கள். படகு இன்ஷூரன்ஸ் விவகாரங்களில் அவர்களுக்காக அலைந்தவள் என்ற மரியாதை அவளுக்கு அங்கே இருந்தது. எழுந்து நின்று சொன்னாள்: "உங்ககிட்ட சொல்லாம ஒரு எண்ணும் மாறாது. அனந்தராமன் என் சிநேகிதன். அவனுக்கு நான் பொறுப்பு." அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எல்லாரும் அலைமணியைப் போனில் ஏற்றிக்கொண்டார்கள்.

முந்தாநாள் விடிகாலை அந்த எண் அறுபத்தைந்தாக மாறியிருந்தது. காற்று ஐம்பத்தெட்டுக்கு ஏறியது. சங்கு ஊதவில்லை. மணியும் அடிக்கவில்லை. பிரபாகரின் படகு கவிழ்ந்தது. தூக்கி வந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்னும் கண் விழிக்கவில்லை. அலைமணியில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஜான்சன், அந்தப் பிரபாகரின் சொந்த மச்சினன். குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன்.

அனந்தராமன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினான். இரண்டே வரிகள்தான் இருந்தன.

‘காலை 5.08. குப்பத்து மணி நிறுத்தம். செய்தவர்: ஜான்சன்.’

‘காலை 5.09. எச்சரிக்கை எண் 45லிருந்து 65. செய்தவர்: ஜான்சன்.’

"இதை நேத்திக்குத்தான் தோண்டி எடுத்தேன். நீங்க ரெண்டு பேரும் பாக்கறேள், வேற யாரும் பாக்கலை," என்றான். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவா பஞ்சாயத்து. நான் சொன்னா முதலாளி பேச்சுன்னுடுவா. நீ சொன்னா கேப்பா, ஜஹனா."

கேட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஜான்சனைத் தள்ளி வைப்பார்கள். அவனுக்குச் சோறு போடும் அக்கா ஏஞ்சலுக்கும் மீன் ஏலத்தில் இடம் கிடையாது, கடை கிடையாது, கல்யாணம் கருமாதிக்கு அழைப்பு கிடையாது. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவள் ஊரில்லாதவள் ஆவாள்.

"குப்பத்து மணியை நிறுத்திட்டான், சரி. உங்க ஆபீஸுக்கு வர்ற மணி?" என்று கேட்டாள் ஜஹனாரா.

"அதை யாராலயும் நிறுத்த முடியாது. மூணு போன். என்னுது, ஜான்சனுது, புரோகிராம் எழுதற ஃபிசாவுது. எனக்கு வந்துது ஜஹனா. பூஜையில உக்காந்திருந்தேன். மணி அடிச்சுது. அப்பறமா பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அன்னிலேர்ந்து தூக்கமே இல்லை."

அவள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பிற்பாடு, அந்தக் கையை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் வெட்கமாக இருந்தது.

"ஒரே ஒரு காரியம் பண்ணு," என்றான் அனந்தராமன். "அவன் போனை வாங்கிப் பாரு. அதுல அந்த மணி இருக்காது. மாத்தினவன் பேருக்கு மட்டும் சர்வர் மணி அனுப்பாது. கல்யாண வீட்டுக்காரன் தனக்கே பத்திரிகை வெச்சுப்பானா? மணி இல்லேன்னா அவன்தான். இதுக்கு மேல சாட்சி வேண்டாம்."

"எங்க மாமா ஒருத்தரு வெச்சிக்கினாரு சார்," என்றான் சுப்பராயன். "பேரு சரியா அடிச்சிக்கிறானான்னு பாக்கறதுக்கு." அப்படியே நாற்காலி முதுகில் கிடந்த பொன்னாடையைத் தடவிப் பார்த்தான். "புச்சா கீதே. இன்னா சார் விசேஷம்?"

"முந்தாநாள் காலையில தி.நகர் ஹோட்டல்ல விழா. வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் வந்திருந்தா. பெரிய திரையில நம்ம படகெல்லாம் கடல்ல புள்ளி புள்ளியா நகர்றதைக் காட்டினேன். அசந்து போயிட்டா. இறங்கி வரச்சேதான் பிரபாகர் சமாசாரம் வந்துது."

சுப்பராயன் பொன்னாடையைப் பழையபடி மடித்து வைத்தான்.

அடையாறு பாலம் தாண்டி ஆட்டோ பட்டினப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மீன் கடைகள் வரிசையில் கூட்டம் நெருக்கியடித்தது, ஒரு கடையைத் தவிர. ஏஞ்சல் தன் சங்கரா மீன்களுக்குத் தண்ணீர் தெளித்தபடி தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கடைக்காரி தன் பலகையை நாலு அடி தள்ளிப் போட்டிருந்தாள். தள்ளி வைப்பது அதற்குள் ஆரம்பித்துவிட்டது.

"யக்கா, நீயும் அவன்தான்னு சொல்லத்தான் வந்தியா?" என்றாள் ஏஞ்சல்.

"பாக்க வந்தேன். ஜான்சன் எங்கே?"

"பெசன்ட் நகர் மாதா கோயில்ல கீறான். ரெண்டு நாளா சோறு தண்ணி இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா புருசன் மூஞ்சியப் பாக்க முடில, கோயிலுக்குப் போனா தம்பி மூஞ்சியப் பாக்க முடில. நான் எங்கக்கா போவேன்?" என்றவள் கூடையை மூடிவிட்டு எழுந்தாள். "வா, நானும் வரேன். அவன்தான் பண்ணான்னா என் காதால கேட்டுக்கறேன்."

வழியெல்லாம் சுப்பராயன் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஜஹனாராவுக்குத் தெரியும்.

வேளாங்கண்ணி மாதா கோயிலின் கடைசி பெஞ்சில் ஜான்சன் சுருண்டு கிடந்தான். முப்பது வயதிருக்கும். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஜஹனாராவைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"ஒரே ஒரு கேள்வி ஜான்சன். முந்தாநாள் காலையில உன் போன்ல மணி வந்துச்சா?"

"வரலக்கா." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. "மாதா மேல சத்தியமா, அஞ்சு ஒம்போதுக்கு எனக்கு எந்த மணியும் வரல."

மணி இல்லை என்றால் அவன்தான். ஐந்து மணிக்கு அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஏஞ்சலின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். ஜஹனாரா தலையாட்டிவிட்டுத் திரும்ப இருந்தாள். திரும்பவில்லை.

"ஜான்சன், நான் காலையிலன்னுதானே கேட்டேன்?"

"ஆமாக்கா."

"அஞ்சு ஒன்பதுன்னு உனக்கு யார் சொன்னது?"

அவன் கை சட்டைப்பையிலிருந்த போனைப் பொத்தியது.

"அந்த நேரம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு. அதையும் நேத்துதான் எடுத்தாங்க. நீ முந்தாநாள்லேர்ந்து ஆபீஸ் பக்கமே போகலை. எண்ணை மாத்தினவனுக்கு நேரம் தெரியும். இல்லேன்னா மணி வந்தவனுக்குத் தெரியும். நீ இதுல யாரு?"

ஏஞ்சல் கையை நீட்டினாள். "போனைக் குடுறா."

அவன் கொடுத்தான். மணி இருந்தது. ‘5.09. எச்சரிக்கை எண் 45லிருந்து 65. செய்தவர்: ஜான்சன்.’ படித்துவிட்டதற்கான அடையாளமும் பக்கத்திலேயே இருந்தது.

"என் பேர்ல வந்துச்சுக்கா," என்று ஜான்சன் அழ ஆரம்பித்தான். "பாஸ்வேர்டு போட்டுக் குடுத்ததே சாருதான். அவருக்குத் தெரியும். ஏதோ டெஸ்ட் பண்றாருன்னு நெனச்சினு திரும்பிப் படுத்துட்டேன். அஞ்சரைக்குத்தான் மாமா படகு தள்ளினாரு. ஒரு போன் போட்டிருந்தா போயிருக்க மாட்டாரு. வந்திச்சுன்னு சொன்னா, தெரிஞ்சும் ஏன்டா சொல்லலன்னு கேப்பாங்க. அதான் வரலன்னுட்டேன்."

ஏஞ்சல் ஓங்கிய கையை அப்படியே நிறுத்தினாள். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்ல பொய் சொன்னடா நைனா," என்றான் சுப்பராயன். "உன்னிய காப்பாத்த வேண்டிய மணிய நீயே இல்லன்னுட்ட."

ஜஹனாரா வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். ஒன்று மட்டும் இடித்தது. மாற்றியவன் பேருக்கு மணி போகாது என்று அனந்து சொன்னான். மாற்றியது ஜான்சன் பேரில். யார் மாற்றியிருந்தாலும் இந்தப் போனுக்கு மணி வந்திருக்கக் கூடாது. வந்திருக்கிறது. அப்படியானால் அனந்து சொன்ன விதி தப்பு. அந்த விதியை எழுதியவளைத்தான் கேட்க வேண்டும்.

நங்கநல்லூரில் அம்மா வீட்டில், பிறந்து ஒரு மாதமான குழந்தையோடு இருந்தாள் ஃபிசா. போனில் முதலில் குழந்தையின் அழுகைதான் கேட்டது.

"பேருக்கு இல்ல மேடம். அது பழசு," என்றாள் ஃபிசா. "ஜான்சன் அண்ணன் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எதையாவது மாத்துவாரு, அவரு பேர்ன்றதால அவரு போனுக்கே தெரியாமப் போயிடும். அதனால ரெண்டு மாசம் முன்னாடி மாத்திட்டேன். இப்ப பேரைப் பாக்காது. எந்தப் போன்லேர்ந்து மாத்தறாங்களோ, அந்தப் போனுக்கு மட்டும்தான் மணி போகாது."

"அனந்தராமனுக்கு இது தெரியுமா?"

"லீவுல வர்ற அன்னிக்கு மெயில் போட்டேன். பதில் வரல."

"முந்தாநாள் மணி யார் யாருக்குப் போச்சுன்னு உன்னால பாக்க முடியுமா?"

"இருங்க." தட்டும் சத்தம் கேட்டது. "எனக்கு வந்திருக்கு. ஜான்சன் அண்ணனுக்குப் போயிருக்கு." மறுபடி தட்டிப் பார்த்தாள். "அவ்ளோதான் மேடம். ரெண்டு போனுக்குத்தான் போயிருக்கு."

மூன்று போன். இரண்டு மணி.

பூஜையில் உட்கார்ந்திருந்தபோது அடித்த மணி, அடிக்கவே இல்லை.

சுப்பராயன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "மாத்துனத ஊருக்கெல்லாம் சொல்ற கம்பெனி வெச்சிகினு, தனக்கு வந்த மெயிலப் படிக்காம கீறாரு பாரு," என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "மேடம், அந்தப் பொன்னாடை. சங்கு ஊதியிருந்தா ஒரு படகும் எறங்கியிருக்காது. திரையில வெறும் தண்ணிதான் தெரிஞ்சிருக்கும்."

"தெரியுது சுப்பராயா."

பழத்தட்டோடு வந்து நின்றவன். அவளுடைய வாப்பா மவுத்தானபோது நாலு நாள் கூடவே இருந்தவன். அவன் தன்னைத் துப்பறிய அழைக்கவில்லை. சாட்சி சொல்ல அழைத்திருக்கிறான். ஐந்து வருடம் முன்பு இந்த நாக்கில் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போனான். அது நல்ல விலைக்குப் போயிற்று என்று இன்னொன்றுக்கு வந்திருக்கிறான்.

நாலரை மணிக்கு அனந்தராமன் குப்பத்துக்கு வந்துவிட்டான். கையில் ஃபைல், நெற்றியில் கலையாத திருநீறு. கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் ஓரத்தில் ஜஹனாரா காத்திருந்தாள். தூரத்தில் பஞ்சாயத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் போனைப் பாத்தியா?" என்றான்.

"பாத்தேன். உன் போனைக் காட்டு."

"என்னுது எதுக்கு?"

"பூஜையில அடிச்ச மணியைப் பாக்கணும்."

அவன் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். தேடுகிறவனைப் போலவே தேடினான். "அழிஞ்சுடுத்து போலருக்கு," என்றான் கடைசியில்.

"அழியல அனந்து. வரவே இல்ல. ஜான்சனுக்கு வந்திருக்கு, ஃபிசாவுக்கு வந்திருக்கு. இப்ப பேரைப் பாத்து மணி அனுப்பறதில்ல, போனைப் பாத்துதான். உனக்கு மெயில் போட்டாளாம். நீ அதைப் படிக்கல. ஜான்சன் பேர்ல மாத்தினா ஜான்சனுக்கு மணி வராது, உனக்கு வரும்னு நெனச்சே. அதனாலதான் வந்துதுன்னு சொன்னே. கல்யாண வீட்டுக்காரன் நீதான்."

அனந்தராமன் படகில் சாய்ந்தான்.

"அம்பத்தெட்டுக்கு ஏறும்னு யாருக்குத் தெரியும்?" என்றான். "நாப்பத்தெட்டு, அம்பது வரும்னுதான் வானிலை ஆபீஸ்ல சொன்னா. அதுக்கெல்லாம் அவாளே படகு இறக்குவா, முன்னெல்லாம் இறக்கலையா? நாலே நாலு மணி நேரம், ஜஹனா. விழா முடிஞ்சதும் திரும்ப நாப்பத்தஞ்சு ஆக்கிடலாம்னு இருந்தேன். ஒரு காலைப்பொழுது."

"சொல்லிட்டு மாத்தியிருக்கலாமே."

"சொன்னா எவன் கடலுக்குப் போவான்?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஜான்சனுக்கு வேற ஊர்ல நல்ல வேலை நான் பாத்துத் தரேன். பிரபாகரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்திடறேன். நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா அவா கேப்பா."

"அதுக்குத்தானே என்னைக் கூப்பிட்ட?"

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "வேற யாரையாவது ஏமாத்தியிருந்தா கண்டுபிடிச்சுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருப்பேன் அனந்து. நீ என் வாயாலயே இவங்கள ஏமாத்தினே. ரெண்டாவது தடவையும் அதே வாயைக் கேட்டு வந்திருக்கே."

பஞ்சாயத்து கூடியது. நூறு பேருக்கு மேல் இருக்கும். ஜான்சன் ஒரு ஓரத்தில் தலை குனிந்து நின்றான். அவனைச் சுற்றி இருபது அடிக்கு யாருமில்லை, ஏஞ்சல் ஒருத்தியைத் தவிர. தலைவர் எழுந்து, "அம்மா வந்துகீறாங்க. அம்மா இன்னா சொல்றாங்களோ அதான் நமக்கு," என்றார்.

அந்த ‘அதான்’ ஜஹனாராவுக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. நடுவில் வந்து நின்றாள். அனந்தராமன் முன் வரிசையில் ஃபைலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். இன்னமும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், இருபத்தாறு வருடத்தை நம்பி.

"ஜான்சனுக்கு மணி வந்துச்சு. உங்ககிட்ட சொல்லாம படுத்துட்டான். அந்தத் தப்பு அவனோடது. அதை அவனே உங்க முன்னாடி ஒத்துக்குவான்," என்று ஆரம்பித்தாள். "ஆனா எண்ணை மாத்தினது அவன் இல்ல."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அவள் அது அடங்கும்வரை நின்றாள்.

"அஞ்சு வருஷம் முன்னாடி இதே இடத்துல நின்னு, உங்ககிட்ட சொல்லாம எதுவும் மாறாது, இவனுக்கு நான் பொறுப்புன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதை நம்பித்தான் பிரபாகர் கடலுக்குப் போனாரு. அந்த வார்த்தையை இன்னிக்கு மாத்தறேன். உங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் மாத்தறேன்."

அனந்தராமனை நோக்கிக் கையை நீட்டினாள்.

"மாத்தினது இவன். உங்ககிட்ட கூட்டிக்கிட்டு வந்தது நான்."